ஏழு தண்ணீர் கண்ட இருக்கை

1993 ஆம் ஆண்டு, சாய்ந்தமருது றஸாக் ஹாஜியாருடைய காரின் பின் இருக்கை, பின்னேரத்து அசர் தொழுகை முடிந்த கையோடு ஒரு தரம் மாடு போலக் கத்தியது. அப்போது அதன்மேல் வாளியோடு குனிந்திருந்தவர் கார் துடைக்கும் சாலிஹ்.

பிழை அவருடையதல்ல. அந்தப் பக்கத்தில் தோல் இருக்கை வைத்த கார்கள் மூன்று; மூன்றையும் அவர்தான் பார்த்தார். பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து, தையல் இடுக்கைத் தூரிகையால் தட்டி, நிழலில் காயவைத்து, ஒரு பொட்டு எண்ணெய் தேய்ப்பார். ஆனால் வெளிநாட்டுக் கார்களுக்குப் பன்றித் தோல்தான் போடுகிறார்கள் என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ சொல்லிவிட, ஹாஜியாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

“மார்க்கத்துல சொன்ன மாதிரி ஏழு தண்ணி கழுவு சாலிஹ். ஒரு தண்ணி மண் கரைச்சி.”

“தோலுக்குத் தண்ணி ஆகாது ஹாஜியார். ஊறிப் போகும்.”

“ஊறட்டும். பண்டித் தோல்ல குந்திட்டுப் பள்ளிக்குப் போகச் சொல்றியா?”

ஐந்தாம் தண்ணீரில் தோல் சூடு கண்டது. ஆறாவதில் மூச்சு விட்டது. ஏழாவதில் கத்தியது. பன்றி அல்ல, பசுதான் என்று தெரிந்ததும் ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் போனார். விடியும்போது தையலோரம் செம்மயிர் முளைத்திருந்தது. வைக்கோல் போட்டார்கள், தின்றது. அதெல்லாம் பெரிய விசயமில்லை. அது சிப்பாய்களின் துவக்கைக் கண்டால் கார் குலுங்கக் கத்தியது, அதுதான் விசயம். ஹாஜியாருக்கோ கையெழுத்து ஒன்றுக்காக அம்பாறையில் அரசாங்கக் கச்சேரிக்குப் போக வேண்டும். வழியில் ஓர் இராணுவக் காவலரண். முந்திய கிழமை அங்கே ஒரு மோட்டார் சைக்கிளின் சைலன்சர் வெடித்த சத்தத்துக்கே சுட்டிருந்தார்கள்.

இருக்கை சாலிஹின் கைக்கு மட்டும் அடங்கியது. ஆகவே அவரும் ஏற வேண்டியதாயிற்று.

“ஹாஜியாரே தடவட்டும். நீங்க ஏன் சாகணும்?” என்றாள் மனைவி ஜுனைதா.

“கழுவினது நான் புள்ள.”

“கழுவச் சொன்னது ஆரு?”

காவலரணில் நரைத்த மீசைச் சிப்பாய் ஒருவர் “இறங்கு” என்று சைகை காட்டினார். இறங்குவதென்றால் கையை எடுக்க வேண்டும். சாலிஹ் விரல் விரலாக எடுத்தார். கடைசி விரல் விலகியதும் இருக்கை கத்துவதற்கு மூச்சை இழுத்தது. முதுகு புடைத்துக் கூரையைத் தொட்டது. மணல் மூட்டைக்குப் பின்னால் மூன்று துவக்குகள் திரும்பின. சாலிஹுக்குச் சாகுமுன் சொல்ல வேண்டிய கலிமா பாதியில் மறந்துபோனது.

மீசைக்காரர் தன் துவக்கை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். காருக்குள் குனிந்து, இருக்கையின் அடிப்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். இழுத்த மூச்சு சத்தமில்லாமல் வெளியே போயிற்று.

“மாடு. உள்ள குட்டி இருக்கு. மெள்ள போ,” என்றார்.

“ஓம் சேர்,” என்றார் சாலிஹ். கையை மறுபடி இருக்கைமேல் வைத்தார்.

தை மாதம் அது ஈன்றது: ஓராள் குந்தத்தக்க சின்ன இருக்கை, தையலெல்லாம் நேர்த்தி. சாலிஹ் உலர்ந்த துணியால்தான் துடைத்தார். ஹாஜியார் அதைத் தாய்க்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டார். துவக்குக்குப் பயப்படுவதில் அது தாயை மிஞ்சியது. அன்றிலிருந்து கார் அம்பாறைக்குப் போகும்போதெல்லாம் சாலிஹ் இரண்டுக்கும் நடுவே இருந்தார். ஒரு கை தாய்மேல், ஒரு கை கன்றின்மேல். தன் முழங்கால்களைப் பிடிக்க அவரிடம் கை மிச்சமில்லை. அவை தம்பாட்டில் நடுங்கின.