பினாங்குக்கு நான்கு பேர்

சிங்கப்பூர் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. கல்லூரியை விட்டு இருபத்தாறு வருடமாகிவிட்டது, புருஷன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நாலு பேரும் ஒரு தடவையாவது வெளிநாடு பார்த்துவிட வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தவள் கோதை. திருச்சியில் அவள் கணவருக்கு இரண்டு டைல்ஸ் கடை. தில்லைநாயகிக்கும் குறை ஒன்றுமில்லை; கணவன் மனைவி இருவருமே மின்வாரியத்தில். பிலோமினா அஞ்சலகத்தில் எழுத்தர். நான்காமவள் வெரோனிக்கா, ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஆசிரியை.

பேசிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வெரோனிக்கா பிலோமினாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாதா கெபிக்குப் பின்னால் போனாள்.

"என்னால முடியாதுடி பிலோ. அவருக்கு வேலை போயி எட்டு மாசமாச்சு. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. வரலைன்னு சொன்னா கோதை ஏன் ஏன்னு குடைஞ்சு எடுத்துடுவா. கடைசில நானே உனக்குக் காசு போட்டுக்கறேன்னு நிப்பா. அதுக்கு நான் செத்துப்போயிடலாம்."

"சரி, அழாத. என்ன பண்ணலாம் சொல்லு."

"டிக்கெட், ரூம் எல்லாம் நீதானே பாக்கப்போற. எப்படியாவது கம்மில முடிக்கிற மாதிரி பண்ணு. என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

பிலோமினா சத்தியம் செய்தாள்.

சிங்கப்பூர் அன்றோடு போனது. விசா வேண்டாம், சென்னையிலிருந்து நேர் விமானம், சாப்பாடு மலிவு, தமிழ் பேசினாலே பாதி ஊரைச் சுற்றிவிடலாம் என்று நான்கு காரணம் சொல்லி அவள் பினாங்கைப் பிடித்தாள். ஐந்து மாதம் வேறு நினைப்பில்லை. விமானக் கட்டணம் என்றைக்கு இறங்குகிறது என்று தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் பார்த்தாள். பெட்டிக்குத் தனிக்காசு கட்டாமல் ஏழு கிலோ கைப்பையில் நான்கு நாளை அடக்குவது எப்படி என்று தன் வீட்டுத் தராசில் நிறுத்திப் பார்த்தாள். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் சபூரா என்ற தமிழ் முஸ்லிம் பெண்மணி மாடியில் நான்கு அறை வைத்து வாடகைக்கு விடுவதைக் கண்டுபிடித்து, அவளோடு வாட்ஸ்அப்பில் பேசிப் பேசிச் சிநேகிதமே ஆகிவிட்டாள். எந்த வண்டி எங்கே போகும், எந்தக் கடையில் ஒரு தட்டுச் சோறு எத்தனை மலேசிய வெள்ளி, எல்லாம் சபூரா குரல் பதிவாக அனுப்புவாள். அங்கே பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்றும் அவள்தான் சொன்னாள்.

கோதை அவ்வப்போது நல்ல ஓட்டல் படமாக அனுப்புவாள். "எதுக்குடி வீண் செலவு, ராத்திரி தூங்கத்தானே போறோம்" என்று பிலோமினா தட்டிக் கழிப்பாள். கஞ்சம் என்று அவர்கள் கேலி செய்வது அவள் காதில் விழாமல் இல்லை. விழட்டும் என்று விட்டாள். வெரோனிக்காவின் மானத்தை விடவா அது பெரிது?

ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முன் கிடைத்த நான்கு நாளில் வந்து இறங்கினார்கள். முதல் நாள் நன்றாகவே போனது. பிலோமினா சில்லறையை எண்ணி, ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். சுவரோவியங்களின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், படகுத்துறையில் காற்று வாங்கினார்கள். தங்குமிடத்தின் மரப்படி கிறீச்சிடுகிறது என்று தில்லை முணுமுணுத்தாள். குளியலறை பொதுவா என்று கோதை மூக்கைச் சுளித்தாள். வெரோனிக்கா எதுவும் சொல்லவில்லை. பாவம், அவளுக்கு இதுவே பெரிது என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில் மற்ற மூவரும் எழுந்திருக்கவில்லை. பிலோமினா தேத்தண்ணிக்குக் கீழே இறங்கினாள். சபூரா ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பாண்டான் இலை மணக்கும் குவே என்ற பச்சைப் பலகாரம் இரண்டு, மேலே தேங்காய்ப்பூ, நடுவில் ஒற்றை மெழுகுவத்தி.

"ஹேப்பி பர்த்டே அக்கா!"

"யாருக்கு?"

சபூரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, வாயை விட்டுட்டேனே! நாளைக்குத்தான் பீச் ஓட்டல்ல சர்ப்ரைஸ்னு சொன்னாங்க லா. அங்க நான் வர முடியாதுல்ல, அதான் இன்னைக்கே குடுத்துருவோம்னு. அக்கா, தெரியாத மாதிரியே இருங்க லா. அந்தக் கோதை அக்கா போன வாரமே எனக்குக் கால் பண்ணி, பிலோ அக்காகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"என்னன்னு சொன்னா?"

"கடைசி ரெண்டு நாளு பத்து ஃபெரிங்கி பீச்ல பெரிய ஓட்டல் போட்டிருக்காங்க. ரூம் ரெண்டையும் நாளைக்கே விட்டுருவோம், ஓட்டல் காடி வந்து ஏத்திக்கும்னாங்க. என் பேரு வெளிய வராம பாத்துக்குங்க லா."

பிலோமினாவின் பிறந்தநாள் டிசம்பரில். ஆனாலும் சபூராவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஐந்து மாதம் உழைத்தவளுக்கு நன்றி சொல்ல இவர்கள் ஏதோ செய்கிறார்கள், சபூராவுக்குச் சுருக்கமாகப் பிறந்தநாள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. மெழுகுவத்தியை ஊதி அணைத்து, இரண்டு குவேயையும் தின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அன்று காலை முழுக்க அவள் சிறுபெண்போல் இருந்தாள். கோதை காலணி கடிக்கிறது என்றதும் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். தில்லை வெயிலைத் திட்டியபோது, திட்டத்தில் இல்லாத இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ஒன்றும் தெரியாதவள்போல் நடிப்பது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. நாளைக்கு எப்படி ஆச்சரியப்பட வேண்டும் என்றுகூட மனதுக்குள் ஒருமுறை செய்து பார்த்தாள்.

பதினோரு மணிக்குப் பள்ளிவாசலின் முன்னால் நின்றார்கள். மஞ்சள் சுவரும் கறுத்த குமிழ்க் கூரைகளும் தெரிய ஒரு படம் வேண்டும் என்று வெரோனிக்கா தன் கைப்பேசியை நீட்டினாள். கோதையும் தில்லையும் எதிர்ச் சாரியில் ஒரு கடை நிழலில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா இரண்டு படம் எடுத்தாள். மூன்றாவது எடுக்கப்போகும்போது திரையின் உச்சியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவள் கோதை. குழுவின் பெயர் 'பட்ஜெட் இல்லா பினாங்கு'.

"வெரோ, மத்தியானத்துக்குள்ள அவகிட்ட சொல்லிடு. நீ சொன்னாத்தான் கேப்பா. அவ போட்ட பிளான்படி நாளைக்கு பாலிக் புலாவுக்கு பஸ்ல போயி வரட்டும். நாம மூணு பேரும் கிளம்பிடலாம்."

அவர்கள் நால்வருக்கும் ஒரு குழு இருந்தது. இது அதுவல்ல.

அடுத்தவர் கைப்பேசியைத் திறந்து படிப்பவள் அல்ல பிலோமினா. ஆனால் விரல் அதைத் தொட்டுவிட்டது. ஜனவரியிலிருந்து இருந்தது அந்தக் குழு. முதல் நாள் இரவு அவள் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து சில்லறை எண்ணுவது படமாக இருந்தது; பின்னாலிருந்து யாரோ எடுத்தது. அதன் கீழே, "நம்ம கண்டக்டரம்மா டூட்டில இருக்காங்க." அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எழுதியவள் வெரோனிக்கா. மேலே தள்ளத் தள்ளக் கண்டக்டரம்மா என்றே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரைப் பிப்ரவரியில் வைத்தவளும் வெரோனிக்காதான். தன் வெள்ளி விழாக் கல்யாண நாளுக்காக ஓட்டல் செலவு முழுவதும் தன்னுடையது என்று கோதை எழுதியிருந்தாள். பிலோவையும் கூப்பிடலாமே என்று தில்லை ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். அதற்கு வெரோனிக்கா பதில் போட்டிருந்தாள்:

"அவ வேண்டாம் கோதை. அவ பக்கத்துல இருந்தா எனக்கு எப்பவும் பிச்சைக்காரி மாதிரியே இருக்கு."

"எடுத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வெரோனிக்கா வந்தாள். பிலோமினா திரையை அணைத்துக் கைப்பேசியைக் கொடுத்தாள். வெயிலில் கண் கூசுகிறது என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் சந்து முனையில் அப்துல் காதர் என்பவரின் நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் நான்கு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றிக் கொடுத்தார்கள். நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வெரோனிக்கா இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். அவள் தொடங்குமுன் பிலோமினா பேசினாள்.

"கோதை, எனக்குப் பிறந்தநாள் டிசம்பர்லதான்."

மூவரும் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"சபூராகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கியாமே. அவ எனக்குக் காலைல மெழுகுவத்தி ஏத்தினா. நானும் நம்பிட்டேன். எனக்காகத்தான் ஏதோ பண்றீங்கன்னு காலைலருந்து சந்தோஷமா சுத்திக்கிட்டிருந்தேன்."

கோதைக்கு முகம் சிவந்தது. ஆனால் அவள் பணிந்துபோகிறவள் அல்ல. "சரி, தெரிஞ்சுபோச்சு. நல்லதுதான். பின்ன என்ன பண்ணச் சொல்றே? அஞ்சு மாசமா எதைச் சொன்னாலும் வேண்டாம், வீண் செலவு. ஒரு நல்ல ரூம் கிடையாது, ஒரு டாக்சி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி சில்லறையைக் கவர்ல போட்டுக் குடுக்கறே. இங்க யாருக்குடி காசில்லை?"

பிலோமினா வெரோனிக்காவைப் பார்த்தாள். வெரோனிக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் விரல்கள் ஒரு பருக்கையை உருட்டிக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு வாக்கியம் போதும். அது பிலோமினாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது.

தில்லை மேசையில் சாய்ந்து, உண்மையாகவே கேட்டாள். "சொல்லு பிலோ. ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிச்சே? ஏதாவது காரணம் இருக்கும்ல?"

பிலோமினாவின் பார்வை வெரோனிக்காவை விட்டு நகரவில்லை. அவள் சொல்ல வேண்டியதை வேறொருத்திதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். பாதியாவது சொல்வாள், ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

வெரோனிக்கா தலையை நிமிர்த்தினாள். "விடுங்கப்பா, அவ சுபாவமே அதுதான். காலேஜ்லயே அப்படித்தானே, கேன்டீன்ல ஒரு டீயை ரெண்டா ஊத்தச் சொல்லுவா."

அந்த டீ அவர்கள் இருவருக்குமானது. வெரோனிக்காவிடம் அப்போதும் காசு இருந்ததில்லை.

பிலோமினா எழுந்து கையைக் கழுவினாள். தன் தட்டுக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் நடந்தாள். இந்த ஊரின் வரைபடத்தை ஐந்து மாதம் கண்ணை மூடினாலும் பார்த்தவள், ஒரு மணி நேரத்தில் வழி தப்பி, யாரையோ கேட்டுத்தான் திரும்பி வந்தாள்.

சபூரா விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "எங்கிட்டயே பொய் சொன்னாங்களா? அதுக்கு நான் வேற குவே செஞ்சு... அல்லா! அக்கா, நீங்க இங்கயே இருங்க. எனக்கு ஆளைப் பாத்தா தெரியும்னு பீத்திக்குவேன் லா, இப்ப எனக்கே அசிங்கமா இருக்கு."

"உன் தப்பு இல்லம்மா. எனக்கே தெரியலையே, இத்தனை வருஷமா."

மறுநாள் பதினோரு மணிக்கு வெள்ளை வண்டி வந்தது. கோதையும் தில்லையும் பைகளோடு இறங்கிப் போனார்கள். தில்லை மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெரோனிக்கா சீப்பை மறந்துவிட்டேன் என்று அறைக்குத் திரும்பி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பிலோமினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீ சொல்லிடுவியோன்னு உயிரே போச்சுடி. சொல்லாம விட்டியே, ரொம்ப தேங்க்ஸ். உன்னை மாதிரி யாரும் வரமாட்டாங்க."

பிலோமினா கையை விடுவித்துக்கொண்டாள். "கண்டக்டரம்மா பேரு நல்லாத்தான் இருக்கு."

கீழே வண்டி ஒலிப்பான் அடித்தது. சீப்பை எடுக்காமலே அவள் போய்விட்டாள்.

பிலோமினா அன்று தனியாகப் படகுத்துறை நிறுத்தத்தில் பேருந்தேறி பாலிக் புலாவ் போனாள். போகாமல் அறையில் கிடந்தால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. மலையைச் சுற்றி வண்டி ஏறும்போது அழுகை வந்தது, அழுதாள். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஜாதிக்காய்த் தோட்டங்கள் வந்தன, தகரக் கூரையின் கீழ் டுரியான் பழக் குவியல்கள் வந்தன. ஒரு பழத்தை வெட்டச் சொல்லி, முழுவதையும் தானே தின்றாள். நாற்றம் என்று பாதியில் எழுந்து போக யாருமில்லை.

திரும்பும் வழியில் அந்த வரியை நினைத்துப் பார்த்தாள். அவ பக்கத்துல இருந்தா எனக்கு எப்பவும் பிச்சைக்காரி மாதிரியே இருக்கு. அதில் பொய் இல்லை என்றுதான் தோன்றியது. வெரோனிக்காவின் வீட்டு நிலைமை தெரிந்த ஒரே ஆள் அவள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் வெரோனிக்காவுக்கு அது நினைவு வந்திருக்கும். புரிந்தது. புரிந்ததால் வலி ஒரு துளியும் குறையவில்லை.

நான்காம் நாள் விமான நிலையத்தில் சந்தித்தார்கள். நான்கு இருக்கைகளும் ஒரே வரிசையில் இருக்கும்படி முன்பே எடுத்து வைத்திருந்தவள், வேறொரு பயணியிடம் கேட்டுப் பின்னால் மாறிக்கொண்டாள்.

சென்னையில் குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வந்ததும் கோதைக்குத் தெரிந்த கார் காத்திருந்தது. கோதை தில்லையை ஏற்றிக்கொண்டாள். அவள் கூப்பிட்டும் வெரோனிக்கா ஏறவில்லை. திருச்சி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவள் பிலோமினா. வெரோனிக்கா பையை இழுத்துக்கொண்டு, வழக்கம்போல அவளிடம் வந்தாள்.

"ரயில் எத்தனை மணிக்குடி? எந்தப் பெட்டி?"

பிலோமினா கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். "உங்க டிக்கெட்டை உங்க நம்பருக்கு அனுப்பிட்டேன். பாத்துக்குங்க."

இத்தனை வருடத்தில் அவர்களுக்குள் ஒரு நாளும் 'நீங்க' வந்ததில்லை. வெரோனிக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பிலோமினா புறநகர் ரயில் நிலையத்தின் படிகளைத் தனியே இறங்கி நடந்தாள். வாக்கை அவள் இன்றுவரை மீறவில்லை. கோதையும் தில்லையும் அவளைக் கஞ்சம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.