சேதுபதி முதலாளியின் காலி இடம்

காஜா பெராங் சாலையோரத்து வணிகர் கிட்டங்கியில் நடுப்பகல் எப்போதும் பாதிக் கனவு மாதிரிதான். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வட்ட வட்டமாக இறங்கி, தரையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். தரை முழுக்கச் சுண்ணக்கட்டிக் கோடுகள். சரக்கு வைக்கும் ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கட்டம். வெளிச்சம் மட்டும் யாரையும் கேட்காமல் கோடு தாண்டிப் போவதைச் கணக்கு எழுதும் சின்னக் கிராணி சந்திரமதி, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குப் பார்க்க நேரமில்லை. ரோஷன் பீவியின் எண்பது பருப்பு மூட்டைகள் வாசலில் கூரையில்லாத இரண்டு லோரிகளில் நின்றன. கடலோரத்து உஜோங் பாசிர் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த பருப்பை மாடுகூட முகராது. கணவர் போனபின் தனியாளாகக் கடை நடத்தும் பீவிக்கு அந்தப் பருப்புதான் கடை.

“இடமில்லைம்மா” என்றார் பெரிய கிராணி மாணிக்கவாசகம்.

“அதோ அவ்ளோ காலியா கெடக்கே, ஐயா” என்றாள் சந்திரமதி.

“அது சேதுபதி முதலாளி இடம்.”

“சித்திரையிலருந்து காலி.”

“காலியா இருந்தாலும் அது அவரு காலி.”

மற்ற கட்டங்களிலும் இங்கே ஐந்து மூட்டைக்கு, அங்கே பத்து மூட்டைக்கு என்று இடுக்குகள் கிடந்தன. கூட்டினால் நூறு மூட்டைக்கு மேல் போகும். ஆனால் ஒரு முதலாளியின் சரக்கு ஒரே அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது கிட்டங்கி வழக்கம்.

“கோடெல்லாம் அழிச்சிட்டு, தரையப் பூரா பத்து மூட்டைக் கட்டமா பிரிச்சிருவோம் ஐயா. யாருக்கும் சொந்தக் கட்டம் கெடையாது. எங்க காலியோ அங்க சரக்கு. எது எங்கன்னு நோட்டு சொல்லும். தரை எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்?”

“சிங்கப்பூர்ல போயி கணக்குப் படிச்சா இப்பிடித்தான் பேச்சு வரும்” என்றார் அவர். குடையை எடுத்துக்கொண்டார். “கோட்டுல கைய வெச்சா நாளைக்கு வர வேணாம்.” சாப்பிடப் போய்விட்டார்.

சந்திரமதி வீட்டில் ஏழு பேர். ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிய கை இப்போது நடுங்குகிறது. பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. வெள்ளைக்காரன் கொடி இறங்கி, நாட்டுக்குச் சொந்தக் கொடி ஏறிப் பதினைந்து நாள் ஆகிறது. ஆனாலும் இந்தத் தரையில் முந்திக் கோடு போட்டவனுக்கு வெறுமைகூடச் சொத்து.

ரோஷன் பீவி உள்ளே வந்தாள். “என்னா புள்ளே, பி.ஏ. படிச்சிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறே. அது என்ன பரிச்சைத்தாளா?”

“மூட்டைய எட்டு எடத்துல பிரிச்சு வெக்கலாம், பீவிம்மா. சம்மதமா?”

“எட்டையும் திருப்பிக் குடுத்திருவியா?”

“நோட்டுல இருக்கும்.”

“நோட்டு தொலைஞ்சா?”

சந்திரமதி யோசித்தாள். “தொலைஞ்சா போச்சு.”

பீவி அவளை ஒரு கணம் பார்த்தாள். “பொய் சொல்லத் தெரியல உனக்கு. எறக்கச் சொல்லு.”

காய்ந்த சாக்கு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு சந்திரமதி மண்டியிட்டாள். முதலில் சேதுபதி முதலாளியின் கோடு. தேய்க்கத் தேய்க்க அது மாவாகி எழுந்து காற்றில் நின்றது. அடுத்த கோடு, அதற்கடுத்தது. முழங்கால் எரிந்தது; கோபம் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. வெள்ளைப் புகைக்குள் தரை அகன்றுகொண்டே போனது. தூண்கள் விலகி வழிவிட்டன. இத்தனை பெரிய இடத்திலா இத்தனை நாளும் ஒடுங்கி நடந்தோம் என்றிருந்தது. மூட்டைகள் தாமாகவே நடந்து வருவதுபோல, சுமையாட்கள் அந்தப் புகைக்குள்ளிருந்து சத்தமின்றி வந்தார்கள்.

“எங்க போடறது, கிராணியம்மா?” தலைச்சுமையோடு தேவதாஸ் தடுமாறி நின்றான்.

“மூணாந்தூண் பக்கம் பத்து. அடுத்த பத்து, சன்னல்கிட்ட.” நோட்டில் எழுதினாள். சுண்ணாம்பு விரல்கள் பக்கமெல்லாம் பதிந்தன.

ஏழாவது பத்து உள்ளே வரும்போது தகரத்தில் மழை விழுந்தது. கடைசிப் பத்தை ஓடி ஓடி இறக்கினார்கள்.

அந்த மழையோடு மாணிக்கவாசகம் திரும்பி வந்தார். குடையை மடக்கினார். எண்பது மூட்டைகளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். தன் மேசைக்குப் போக நாலு எட்டு வைத்தவர், சேதுபதி முதலாளியின் கோடு இருந்த இடத்தில், வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கோடு மிதிபடாமல் தாண்ட வழக்கம்போல் காலை உயர்த்தினார். உயர்த்திய கால் அப்படியே நின்றது, எங்கே இறக்குவது என்று தெரியாமல்.