ஒட்டிலியா வீட்டுத் தண்ணீர்

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்த வாரத்தில் கடல் ஒட்டிலியாவின் வீட்டுக்குள் மட்டும் வந்து நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளில் தரை காய்ந்து கிடக்க, இவள் வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் நாலைந்து சாளை மீன்கள். ஒட்டிலியா மீனை வறுத்தாள். தண்ணீரைக் கூட்டித் தள்ளினாள். அது போவதாக இல்லை. முப்பது வருஷம் தெருவில் மீன் வறுத்து விற்றுக் கட்டிய வீடு. அது போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எங்கள் ஊர் புவெர்ட்டோ மான்சோவில் தேர்தல் என்றால் தகரம். வேட்பாளர்கள் கூரைத் தகடு கொடுப்பார்கள். நம் ஆட்கள் எல்லாரிடமும் வாங்கிவிட்டு யாருக்கோ குத்துவார்கள். அந்த வருஷம் தகரத்தோடு பருவநிலை மாற்றமும் சேர்ந்துகொண்டது. எங்கள் வட்டத்துக்கு ஓர் இடம், மூன்று பேர் போட்டி. முதலில் வந்த ரெகுலோ, ஒட்டிலியாவின் நாற்காலியில் ஏறி நின்று, மூன்றே மாதத்தில் கடலுக்குச் சுவர் எழுப்புவேன் என்றார். தண்ணீர் ஒரு சாண் ஏறியது. கடலே கை தட்டுகிறது என்று அவர் ஆட்கள் வெடி போட்டார்கள். அடுத்து மார்லேனி அம்மாள், ஒரு செங்கல் உதிராமல் ஊரையே குன்றின்மேல் வைப்பேன் என்றார். இன்னொரு சாண். யார் பேச்சுக்குக் கடல் அதிகம் ஏறுகிறதோ அவருக்கே ஓட்டு என்று அங்கே தினமும் கூட்டம். கூத்தைப் பாருங்கள். கட்டில் மிதந்தபோதுதான் ஒட்டிலியாவுக்கு உறைத்தது.

"கைதட்டலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. புளுகைக் கேட்டா பொங்குது. எல்லாரும் வெளிய போய்ப் புளுகுங்க" என்று துடைப்பத்தோடு நின்றாள்.

மூன்றாமவன் எலிசேர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். தகரம் கொடுக்க வக்கில்லாதவன். வாசலிலேயே தயங்கினான்.

"வா தம்பி, உன் பங்குக்கும் அளந்துட்டுப் போ."

"அளக்க ஒண்ணுமில்லக்கா. சுவர் நிக்காது. கரையோரம் அலைய மறிக்கிற அலையாத்திக் கன்னு நடணும். முதல் வருஷம் பாதி செத்துப்போகும். புயல் வந்தா யார் படகுல யார் ஏறுறதுன்னு இப்பவே பேசி வைக்கணும்."

தண்ணீர் அசையவில்லை.

"என் வீடு?"

"நிக்காதுக்கா. முதல் வரிசைய இங்கதான் நடணும். அப்பதான் பின்னாடி வீடெல்லாம் தப்பிக்கும். உங்களுக்கு மேட்டுல மனை கேப்பேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

தண்ணீர் மளமளவென்று இறங்கி, வாசல் வழியாக வெளியே போனது. ஐந்து வாரமாக மூழ்கிக் கிடந்த தரை தெரிந்தது. பாவி, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒட்டிலியா அவனை விரட்டிவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எலிசேர் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தான். அது யார் ஓட்டு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மேட்டு மனை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதன் பிறகு ஒட்டிலியா தன் கையாலேயே கூரையைப் பிரித்தாள்.

கன்று நடுகிற அன்று, சுவரில்லாத வெற்றிடத்தில் அவள் அறை அறையாக நடந்து காட்டினாள். கடல் ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தது. அவள் பேசட்டும் என்றுதான் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

"இது சமையல்கட்டு, தள்ளித் தள்ளி நட்டாப் போதும். இது நான் படுத்த இடம், நெருக்கமா நடு."

எலிசேர் நெருக்கமாக நட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேடேறினாள். அப்புறம்தான் கடல் உள்ளே வந்தது.