தீவு எதுவரை

ரொட்டிக்கடைக்காரர் படகுத்துறை வரைக்கும் வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார், தலையை ஒட்டச் சீவியிருந்தார். படகைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"தீவுன்னுதான் சொன்னீங்க. படகுன்னு யாருமே சொல்லலையே!"

"தீவுக்கு வேற எதுல போறதாம், பஸ்ஸிலயா?" என்றார் தச்சர்.

"எனக்கு வாளித் தண்ணியைக் குனிஞ்சு பாத்தாலே தலை சுத்தும்ங்க. நீங்க போய்ட்டு வாங்க."

மருந்துக்கடைக்காரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரை விட்டுவிட்டு மற்ற ஐந்து பேரும் படகேறினார்கள். அவள் மட்டும் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

காரணம் இதுதான். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் அந்தச் சின்னத் தீவில் விளக்கு அணைந்துபோன பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. தீவுக்குச் சொந்தக்காரியாக இருந்த ஓர் அம்மாள் சாகும்போது அதை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் வாரம் ஒருநாள் வந்து கடல் ஏறி இறங்குவதை அளக்கிறார்கள், காற்றைக் குறிக்கிறார்கள், பாறை இடுக்கில் நண்டு எண்ணுகிறார்கள். ஆனால் அந்த அம்மாள் யாரையும் லேசில் நம்பாதவர். சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர் தீவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நான்கானால் அன்றைக்கே தீவு துறைமுக நிர்வாகத்துக்குப் போய்விடும் என்று பத்திரத்தில் எழுதிவிட்டார். ஆகவே ஒருவர் விலகினால், புது ஆள் அதே கூட்டத்தில், தீவின் மேல் நின்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். கூட்டமோ மூன்று மாதத்துக்கு ஒன்று.

மருந்துக்கடைக்காரி அந்த ஐவரில் பதினொரு வருடமாகச் செயலாளர். மூன்று வருடமாக விலகப் பார்க்கிறாள். பிடித்துவைத்த ஆட்களெல்லாம் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மாமியார், இன்றைக்கு ரொட்டிக்கடைக்காரருக்குப் படகு. இப்போது தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அங்கே எடுப்பதில்லை, அவளுக்கு நாற்பத்தொன்பது. ஊரைவிட்டுப் போனால் அவள் உள்ளூர்க்காரி இல்லை. பத்திரம் நான்கு பேரை எண்ணும், பிள்ளைகள் நண்டு எண்ணிய இடத்தில் எண்ணெய்த் தொட்டி வந்து உட்காரும்.

கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளத்தில் வட்டமான ஓர் அறை. கடற்காற்று மூலையில் மோதாமல் வழுக்கிப் போகட்டும் என்று வட்டமாகக் கட்டியிருந்தார்கள். காற்றுக்கு அது சௌகரியம். மனிதருக்கு இல்லை. எந்த அலமாரியும் சுவரோடு ஒட்டாது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மற்ற நால்வரும் நம் முகத்தையே பார்ப்பார்கள்.

"அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்மா," என்றார் தலைவர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. "நீ இல்லாட்டி இந்தத் தீவு முங்கிடும்."

"தீவு மிதக்கலை சார், முங்கறதுக்கு. அது தரையிலதான் நிக்குது."

"பாரு, இந்தப் பேச்சுக்குத்தான் உன்னை விட மாட்டேங்கறோம்!" எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளைச் சுற்றிக் கதவாகச் சாத்திக்கொண்டது. திட்டியிருந்தால்கூட எதிர்த்துக் கத்தியிருப்பாள்.

சன்னல் வழியே கடலைப் பார்த்தாள். நேற்று அமாவாசை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும், வழக்கத்தைவிட ஆழமாக வடியும். பிள்ளைகளுக்கு இதை அவள் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் ஒரு பூசணியையும் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ரெண்டு மணிக்குக் கரை வரைக்கும் மணல்திட்டு மேல வரும்," என்றாள். "நாப்பது நிமிஷம். ரொட்டிக்கடைக்காரர் நடந்தே வரலாம்."

"படகு பத்தரைக்குப் போகணுமே," என்றார் பல் டாக்டர். "தண்ணி வடிஞ்சா சாயங்காலம் ஆறுக்குத்தான் திரும்ப வரும். எனக்கு மூணு மணிக்கு ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

"மூடிக்கச் சொல்லு," என்றார் தச்சர். எழுந்து வாசலுக்குப் போய்ப் படகுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீ போப்பா! ஆறு மணிக்கு வா!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மூணு வருஷமா அந்தப் பொண்ணை யாருய்யா கேட்டோம்?"

படகு போய்விட்டது. இப்போது ஐந்து பேருமே மாட்டிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரி ரொட்டிக்கடைக்காரருக்குப் போன் செய்து, எந்த நேரத்தில், எந்தப் பாறைக்கு நேராக இறங்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள்.

இரண்டே காலுக்கு அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். ஈர மணல் காலடியில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"நட்டுவச்ச கம்பம் மாதிரி நிக்கறாரே," என்றார் வாசலில் நின்ற பள்ளித் தலைமையாசிரியை, ஐவரில் ஒருவர்.

பதினொரு வருடமாகப் படித்த பத்திரம் அவளுக்கு மனப்பாடம். கடல் முழுதும் வடியும்போது எவ்வளவு மணல் தெரிகிறதோ அவ்வளவும் தீவே. இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"எல்லாரும் வாங்க! அவர் தீவுலதான் நிக்கறார்!"

மணல் நடுவில் கூட்டம் கூடியது. தச்சர் குனிந்து முதுகை மேசையாகக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கையெழுத்துப் போட்டதும் நான் வீட்டுக்குப் போகலாம்தானே அக்கா?"

கூட்டத்தில் இன்னும் ஒன்பது பொருள் பாக்கி. கூரை ஒழுகல், பள்ளிக்கூட அட்டவணை, இன்னும் என்னென்னவோ. ஐந்து பேரும் இருந்து முடிக்காவிட்டால் கூட்டமே செல்லாது. அவளுக்குத் தெரியும். எதையும் பாதியில் விடாமல் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

"முதல்ல போடுங்க," என்றாள்.

போட்டார். அடுத்து, விலகுவதாக அவள் போட்டாள். தலைவர் மை காய ஊதினார்.

"சரி, அடுத்தது கூரை. தண்ணி ஏறுது, உள்ள போய்ப் பேசலாம்."

"உள்ளன்னா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். தச்சர் அவர் கையைக் கோத்துக்கொண்டார்.

"திரும்பி எப்படி வர்றது?"

"படகுதான். ஆறு மணிக்கு."

மருந்துக்கடைக்காரி கரையைப் பார்த்து நடந்தாள். கால் லேசாக இருந்தது, அவர்கள் பார்க்கிற முதுகு மட்டும் சுட்டது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அக்கா! இதுலேர்ந்து விலகணும்னா என்ன பண்ணணும்?"

நின்று திரும்பினாள். நால்வருக்கு நடுவில் அவர் சின்னதாகத் தெரிந்தார், செருப்பு இன்னும் கையில் இருந்தது.

"ஒரு ஆளைப் பிடிக்கணும்!" என்று கத்தினாள்.

காற்று எதிர்க்காற்று. அவர் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார். முழங்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் ஐந்து நிமிடம்; அவள் கணக்கு தப்பாது. இன்னொரு தடவை கத்தாமல் நடையைக் கட்டினாள்.