வெட்டாத இறக்கை

“எலும்பை யாரும் கீழ போட்டுராதீங்க. கறியைத் தின்னுட்டு எலும்பைத் தட்டுலயே வைங்க” என்றாள் இன்பமேரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள். விலங்கியல் டீச்சர் இங்கே வருவதே அதிசயம், வந்தவள் எலும்பை வேறு கேட்கிறாள். குழம்பிலும் அன்றைக்கு ஒரு விசேஷம் இருந்தது. எப்போதும் துண்டு துண்டாக வரும் கோழி இறக்கை, இன்று மேசைக்கு ஒன்றாக முழுசாக வந்திருந்தது. காலையில் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு இன்பமேரி சமையலறைக்குப் போய், “கந்தம்மாக்கா, றெக்கையை மட்டும் வெட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கந்தம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை தாளாளர் குருமூர்த்தி இன்பமேரியைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். இந்தப் பள்ளியும் அவருடையது, புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணையும் அவருடையது. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். விளக்குப் போட்டால் எழ வேண்டும், வைத்ததைத் தின்ன வேண்டும், முட்டையும் மார்க்கும் குறையக் கூடாது.

“நாமெல்லாம் குரங்கு வம்சம்னு புள்ளைங்க ஊட்டுல போய்ச் சொல்லுதுங்களாம். பெத்தவங்க போன் மேல போன் போடறாங்க. அந்தப் பரிணாமப் பாடத்தை உட்டுருங்க. பரீட்சைக்கு வேணுங்கறதை மனப்பாடம் பண்ணிக்கட்டும். கடவுள் படைச்சதை மாத்திச் சொல்ல நாம யாருங்க? நீங்களே சர்ச்சுக்குப் போறவங்கதானே.”

“போறவதாங்க. படைச்சவரைக் கும்பிடறேன். எப்படி வந்துச்சுன்னு கேட்டா எலும்பைத்தானுங்க பாக்கோணும்.”

“இனி வகுப்புல அதை நடத்தினா வேற ஸ்கூல் பாத்துக்கங்க.”

வேலை போனால் வளாகத்துக்குள் கொடுத்திருக்கும் வீடும் போகும். அதை நம்பித்தான் சேலத்திலிருந்து அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனப்பாடம் என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. ஏன், எப்படி என்று கேட்கத் தொடங்கிய பெண்களை மறுபடி கிளிப்பிள்ளை ஆக்கச் சொல்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வகுப்பில்தானே கூடாது என்றார்?

“தோள்ல இருந்து உங்க கையைத் தடவிப் பாருங்க. முழங்கை வரைக்கும் எத்தனை எலும்பு?” என்று சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் நின்று கேட்டாள்.

“ஒண்ணுங்க மிஸ்.”

“அதுக்குக் கீழ?”

“ரெண்டு.”

“இப்ப றெக்கையைப் பாருங்க.”

கறியை ஒதுக்கி எண்ணினார்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. “நம்ம கையாட்டவே இருக்குதுங்க மிஸ்” என்றாள் நர்மதா.

“றெக்கைன்னே தனியாச் செஞ்சிருந்தா அதுக்கு எதுக்கு விரலு? நுனியில தேடுங்க, மூணு இருக்கும்.”

தேடினார்கள். கரண்டி பட்டு நுனி உடைந்திருந்தது. ஒரு மேசையில் ஒரு விரல் கிடைத்தது, இன்னொன்றில் இரண்டு. மூன்றும் யாருக்கும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து குருமூர்த்தி உள்ளே வந்தார். ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு சாப்பிடுவது அவர் வழக்கம். அவர் தன் மேசையில் உட்கார, அவருக்கென்று எடுத்து வைத்திருந்த இறக்கையைக் கந்தம்மாள் பக்குவமாகத் தட்டில் வைத்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை.

“நடத்தக் கூடாதுன்னு சொன்னனே.”

“வகுப்புலதானுங்க சொன்னீங்க.”

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். “ஏஞ்சாமி, குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்குது? உங்க மிஸ்ஸைக் கேளுங்க.”

இன்பமேரி அவர் பக்கமே திரும்பிச் சொன்னாள்.

“இப்ப இருக்கற குரங்கு நமக்குப் பாட்டன் இல்லீங்க, பங்காளி. ரெண்டு பேருக்கும் முப்பாட்டன் ஒருத்தரு. உங்க பங்காளிங்க ஆட்டையாம்பட்டியில இன்னும் தறிதானுங்க ஓட்டறாங்க. அதுக்காக நீங்க பண்ணை வெச்சது பொய்யாயிருமுங்களா?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. குருமூர்த்தி எழுந்தார்.

“நாளைக்கு ஆபீசுக்கு வாங்க.”

“வாரேங்க.”

அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்கும் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள் இன்பமேரி. சொன்னதைத் திரும்பப் பெறுவது பற்றி மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

நர்மதா எழுந்து தாளாளர் மேசைக்குப் போனாள். அவர் தட்டை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சார் கை வெக்கவே இல்லீங்க மிஸ். நுனி உடையாம இருக்குது.”

எல்லாரும் சுற்றி நெருக்கினார்கள். இன்பமேரி நகத்தால் தோலை உரித்தாள். ஒட்டிக் கிடந்த இரண்டு விரல்கள் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக மூன்றாவது. நர்மதா குழம்பு காயாத தன் கையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு மூன்றை நீட்டினாள்.