மூன்றாவது அளவு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘காது’. ஆலைகளின் சத்தத்தை அளந்து எழுதுவது அவள் வேலை. அன்று நூல் ஆலையின் மதிலை ஒட்டிய வீட்டு வாசலில் கருவியோடு நின்றாள். வரம்பு ஐம்பத்தைந்து டெசிபல். இரண்டு முறை அளந்தாயிற்று. இரண்டு முறையும் ஐம்பத்தாறு. மூன்றாவதையும் எடுத்துச் சராசரி போட வேண்டும். வரம்புக்குள் அடங்கினால் ஆலை இன்னொரு கூடம் கட்டலாம்.

கூடம் வந்தால் அவள் கணவனுக்கு இங்கே மாற்றல் கிடைக்கும். அதே கம்பெனியின் தூரத்துக் கிளையில் இரண்டு வருடமாகக் கிடக்கிறான். கட்டிலில் அவன் பக்கம் இப்போது துவைத்த துணி மடித்து வைக்கும் இடம். முன்பெல்லாம் காதருகே வந்து, காற்றுக்கும் கேட்காத குரலில் பேசுவான். அந்தக் குரலுக்காகவே ஏங்கிப் போயிருந்தாள்.

“மேடம், பத்து நிமிஷம் பொறுங்க,” என்றார் ஆலை மேலாளர். “டீக்கு மிஷினெல்லாம் நிக்கும். அப்ப மூணாவதை எடுத்துக்கோங்க. உங்க வீட்டு சாரும் ஊர் வந்து சேருவாரு.”

“வயித்தை எக்கிக்கிட்டு போட்டோ எடுக்கச் சொல்றீங்க.”

சிரித்தாளே தவிர, மறுக்கவில்லை. கருவியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

இயந்திரங்கள் நின்றன. முள் சரசரவென்று நாற்பத்தைந்துக்கு இறங்கியது. அப்படியொரு அமைதி, தன் வீட்டு வாசலில் கணவன் செருப்பைக் கழற்றுவதுகூடக் கேட்டுவிடும் போலிருந்தது. பேனாவை எடுத்தாள்.

உள்ளே தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

“ஒண்ணுமில்லக்கா!” வீட்டுக்காரப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள். கோபமில்லை, அவள் பேச்சே அப்படித்தான். “மிஷின் நின்னா முழிச்சுக்கும்! பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துலதானே தூங்குது!”

இத்தனைக்கும் அந்தப் பெண் எதிரே ஓர் எட்டுத் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

பேனா மூடிக்குள் போயிற்று. டீ முடிந்து, இயந்திரங்கள் மறுபடி ஓடி, குழந்தை தூங்கிய பிறகுதான் மூன்றாவது அளவை எடுத்தாள். ஐம்பத்தாறு. எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் திரும்பி ஆலைக்குள் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து கணவனை அழைத்தாள்.

“ஐம்பத்தாறுங்க.”

மறுமுனையில் இயந்திரங்கள் இரைந்தன.

“சரி, விடு!” என்று கத்தினான். “சாப்டியா?”

“இன்னும் இல்ல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்.”

“மெதுவாத்தானே பேசுறேன்!”