இரண்டாவது மறுப்பு

கணவரின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அண்ணி, நாலு மணி வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம்" என்றபடி அறைக்கதவைச் சாத்தினான் நண்பன்.

மணி மூன்றே முக்கால். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பன் அவள் கணவருக்குப் பதினெட்டு வருடமாக வலது கை. இருவரும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள்தான் இன்று எத்தனையோ சின்ன ஆஸ்பத்திரிகளில் யாருக்கு எந்த மருந்து என்று பார்த்துச் சொல்கிறது. இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். அதனாலேயே சண்டைக்குப் பஞ்சமில்லை.

மூன்று நாள் முன்பு, படுத்த படுக்கையிலிருந்தே அவர் அந்த மென்பொருளை நடத்தும் குழுவின் பொதுப்பக்கத்தில் எழுதியிருந்தார்: தலைமையிலிருந்து விலகுகிறேன். தன் இடத்துக்கு அவர் காட்டியது முட்டுக்கட்டையை. முட்டுக்கட்டை என்பது அந்த வீட்டில் வைத்த பெயர். யாரும் நேரில் பார்த்ததில்லை. எங்கிருந்தோ பத்து வருடமாக, எதற்கெடுத்தாலும் 'மறுக்கிறேன்' என்று எழுதி அவர் தூக்கத்தைக் கெடுத்த புண்ணியவான்.

குழுவின் விதி எளிது. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் மறுத்தால் முன்மொழிவு தள்ளுபடி. இல்லாவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். நண்பன் ஏற்கெனவே மறுத்திருந்தான். இன்று நாலு மணிக்குக் கெடு முடிவதற்குள் இன்னும் ஒன்று வேண்டும்.

"அவர் பேர்லயே மறுப்புன்னு போட்டுடுங்க அண்ணி. மனசு மாறிட்டார்னு நினைச்சுப்பாங்க. பாஸ்வேர்டு உங்களுக்குத்தானே தெரியும்."

"அவர் போயிட்டாரேப்பா."

"அது நமக்கு மட்டும்தானே தெரியும்."

அவளுக்கும் ஆத்திரம் இல்லாமல் இல்லை. ஊரறிய அவரைச் சர்வாதிகாரி என்றவன் அந்த முட்டுக்கட்டை. அன்று அவர் சாப்பிடாமலே எழுந்துபோனதை அவள் மறக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து அவர் பெயரில் உள்ளே போனாள். மூன்று ஐம்பத்தாறு.

"அவனுக்குப் போயா குடுக்கறீங்க?" என்று முந்தாநாள் அவள் சண்டை பிடித்தபோது, மூச்சு வாங்க அவர் சொன்னார். "எனக்குப் பயப்படாத ஒரே ஆளு அவன்தான்."

ஓர் எழுத்தைத் தட்டினாள். அழித்தாள்.

"என்னால முடியாதுப்பா. அவர் சொல்லாததை அவர் சொன்னதா எழுத மாட்டேன்."

"பதினெட்டு வருஷம், அண்ணி" என்றான் நண்பன்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் திரையில் புதிதாக ஒன்று வந்தது. எழுதியிருந்தவன் முட்டுக்கட்டை.

'மறுக்கிறேன். நீங்கள் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவது? உடம்பு தேறி வாருங்கள். எத்தனை மாதமானாலும் நாற்காலி உங்களுடையதுதான்.'

நண்பன் இரண்டு தடவை படித்தான்.

நாலு மணிக்குப் பக்கம் தானாகவே அறிவித்தது: இரண்டு மறுப்புகள். முன்மொழிவு தள்ளுபடி. தலைவர் தொடர்கிறார்.

அவள் அவர் பெயரில் உள்ளே போனதிலிருந்து, அவர் இணைப்பில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக அவரை நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.